காற்று இழுக்கும் குழாய்

சுங்கை வே என்ற ஊரில் அந்த மெக்கானிக்கின் கார் பட்டறை. முழங்கை வரை கரிய எண்ணெய், காதில் சொருகிய பென்சில். இஞ்சினை ஓடவிட்டு, அது காற்று இழுக்கும் குழாயின் வாயருகே ஒரு துண்டு நாளிதழைப் பிடிப்பார். தாள் சட்டென்று ஒட்டிக்கொண்டால், இழுவை சரி என்று தலையசைப்பார்.

என் மகள் தன் காரில் அந்தக் குழாயை முன் பம்பருக்குள் கீழே இறக்கி வைத்திருந்தாள். வெளியிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே போனால் வேகம் கூடுமாம். முந்தின வாரத் திடீர் வெள்ளத்தில் அது தண்ணீரை இழுத்தது. நடுச்சாலையில் இஞ்சின் நின்றுவிட, ஜன்னல் வழியாகத் தப்பி வந்தாள்.

“உங்க மக மறுபடி ஸ்டார்ட் பண்ணாம விட்டாங்க, அதான் இஞ்சின் பிழைச்சுது. கெட்டிக்காரி லா!” என்றார் அவர்.

“அந்தக் குழாயைக் கழட்டிடுங்க பாஸ். அவளுக்குத் தெரிய வேணாம்.”

“முடியாதுண்ணே, கார் அவங்களோடது. குழாய் வாயை மேல தூக்கி வைக்கலாம். இஞ்சின் சூட்டுக் காத்துதான் வரும், பவர் கொஞ்சம் குறையும். ஆனா அவங்க சொல்லணும்.”

“நான் அவ அப்பா!”

“அப்ப நீங்களே கேளுங்க,” என்று தன் கைப்பேசியில் அவளை அழைத்து என்னிடம் நீட்டினார்.

ஒரு வாரமாக அவளைத் திட்டிக்கொண்டே இருந்தேன், எதையும் கேட்கவில்லை. “ரொம்ப பயந்துட்டியாம்மா?” என்றுதான் வாயில் வந்தது.

வெகுநேரம் அழுதாள். பிறகு அவர் சொன்ன வழியைச் சொன்னேன். “மேல தூக்கி வைக்கச் சொல்லுங்கப்பா,” என்றாள்.

அவர் அடுத்த காருக்கு நாளிதழைக் கிழித்துக்கொண்டிருந்தார். நாங்கள் இப்படிப் பேசட்டும் என்றுதான் கைப்பேசியை நீட்டினாரா, என் தொல்லை தாங்காமலா, இன்றும் எனக்குத் தெரியவில்லை.