கொசு அக்கா போட்ட ஊசி

0.1. ஆய்வகக் கணினித் திரையில் சிவப்பு எழுத்தில் இந்த எண் வந்து நின்றபோது, கொசு அக்காவின் ஒரே மகனுக்கு வயது பதின்மூன்று.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பது அவர் வேலை. அவர் குத்துவதே தெரியாது. பஞ்சை வைத்து அழுத்தும்போதுதான் தெரியும். பட்டப்பெயர் அப்படி வந்தது. கைக்குழந்தையோடு வருகிறவர்கள் “கொசு அக்கா இருக்காங்களா?” என்று கேட்ட பிறகே டோக்கன் வாங்குவார்கள். அவருக்கு அதில் கொள்ளைப் பெருமை.

மகன் வகுப்பிலேயே குள்ளம். அப்பா பஸ் கண்டக்டர் என்பதால் பள்ளியில் ‘அரை டிக்கெட்’ என்று பெயர் வைத்தார்கள். பையன் முதலில் விளையாடப் போவதை நிறுத்தினான். பிறகு கண்ணாடி பார்ப்பதையும் நிறுத்தினான்.

“நானும் இப்படித்தான் இருந்தேன். பத்தாவது முடிக்கிற வரைக்கும் மூணாவது படிக்கிறவன் மாதிரி. அப்புறம் பாரு, நிலைப்படில தலை இடிச்சுது” என்றார் கண்டக்டர்.

“தலை வளர்ந்துச்சு சரி. உள்ள ஏதாவது வளர்ந்துச்சா? நான் டெஸ்ட் எடுத்துப் பாத்துக்கறேன்.”

ஊழியரின் வீட்டாருக்குப் பரிசோதனை செய்யவும் டாக்டர் சீட்டு வேண்டும். கேட்டால் ஆய்வக மருத்துவர் நூறு கேள்வி கேட்பார். கொசு அக்கா கேட்கவில்லை. ஒரு காலை நேரத்தில், இனிப்பான டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டு வந்த மகனை நாற்காலியில் உட்காரவைத்துத் தானே எடுத்தார். மற்றக் குழாய்களோடு சேர்த்து உள்ளே அனுப்பினார். வளர்ச்சி ஹார்மோன் 0.1 என்று வந்தது. எந்த டாக்டரிடமும் காட்டவில்லை.

காட்டியிருந்தால் அன்றே சொல்லியிருப்பார்கள். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கிறது பிட்யூட்டரி சுரப்பி. வளர்ச்சி ஹார்மோனை அது குழாய்த் தண்ணீர் போலத் தொடர்ந்து விடுவதில்லை, விட்டுவிட்டுப் பீய்ச்சுகிறது. தூங்கத் தொடங்கிச் சற்று நேரத்தில், ஆழ்ந்த உறக்கத்தில், பெரிய பீய்ச்சல். ஓடியாடினால் கூடும், சர்க்கரை உள்ளே போனால் அடங்கும். நடுவில் எடுத்தால் நன்றாக வளர்கிற பிள்ளைக்கும் கிட்டத்தட்ட பூஜ்யம்தான். அதனால்தான் சந்தேகம் வந்தால் வெறும் வயிற்றில், சுரப்பைத் தூண்டும் மருந்து கொடுத்து, பலமுறை ரத்தம் எடுக்கிறார்கள். கொசு அக்காவுக்கு எடுக்கத் தெரியும். எப்போது எடுக்க வேண்டும் என்பதைச் சீட்டு சொல்லும். இந்த முறை சீட்டு இல்லை.

“ரத்தம் பொய் சொல்லாதுங்க” என்று கணவரின் வாயை அடைத்தார்.

ஆய்வகத்துக்குக் கீழே ஒரு ஜிம். அதை நடத்துகிறவரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். எண்ணைக் கேட்டதும் அவர் உச்சுக்கொட்டினார்.

“அதே ஹார்மோன்தான்கா, எனக்கு வெளிநாட்டுலேருந்து வருது. டாக்டர்கிட்ட போனா வருஷக்கணக்கா இழுப்பாங்க. உங்களுக்கென்ன, குத்தத் தெரியாதா?”

மாஸ்டர் கொடுத்தவை லேபிள் கிழிக்கப்பட்ட புட்டிகள். வாரம் ஒருமுறை, வீட்டுக் கட்டிலில் மகனைக் குப்புறப் படுக்கவைத்துப் போட்டார்.

“வலிச்சுதாடா?”

“போட்டுட்டியா?”

பையன் வளர்ந்தான். அதுதான் கொடுமை. சில மாதங்களிலேயே கால்சட்டை கணுக்காலுக்கு மேலே ஏறியது. குரல் உடைந்தது, மீசை அரும்பியது, தோள் விரிந்தது. பள்ளியில் பழைய பெயர் மறைந்தது. கொசு அக்கா ஆய்வகம் முழுக்க மிட்டாய் கொடுத்தார். கண்டக்டர், “சரி, நான்தான் முட்டாள்” என்று ஒத்துக்கொண்டார்.

பிறகு நின்றுவிட்டது. கூடப் படிக்கிறவர்கள் இவனைத் தாண்டிப் போனார்கள். பதினைந்து வயதில், பெரிய மருத்துவமனையின் ஹார்மோன் டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். அவர் இடது கையை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்.

“பையனுக்குப் பதினஞ்சு. இந்தக் கைக்குப் பதினெட்டு. எலும்பு நுனியில குருத்தெலும்பு இருந்தாத்தான் வளர முடியும். இவனுக்கு மூடிடுச்சு. என்ன குடுத்தீங்க?”

மீதமிருந்த புட்டியைச் சோதித்தார்கள். வளர்ச்சி ஹார்மோன் அதில் துளிகூட இல்லை. தசை ஏற்றுகிறவர்கள் போட்டுக்கொள்ளும் ஸ்டீராய்டு. அது பிள்ளைகளை விறுவிறுவென்று உயர்த்தும். அதைவிட வேகமாகக் குருத்தை மூடிவிடும்.

பழைய முடிவைப் பார்த்த டாக்டர், “அந்த நேரத்துல என் ரத்தத்தை எடுத்தாலும் இதேதாம்மா வரும்” என்றார். பிறகு கண்டக்டரிடம் திரும்பி, “நீங்க எப்ப வளர்ந்தீங்க?” என்று கேட்டார்.

கண்டக்டர் மனைவியைப் பார்க்காமல் சொன்னார். “பத்தாவதுக்கு அப்புறம் சார்.”

“இவனும் அப்பா வாகுதான். சும்மா விட்டிருந்தா வளர்ந்திருப்பான்.”

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் மகன் ஒரே ஒரு வாக்கியம் பேசினான். “கொஞ்சம் வலிக்கிற மாதிரி போட்டிருந்தீன்னா, நான் வேணாம்னு சொல்லியிருப்பேன்மா.”

இப்போது அவனுக்குப் பதினாறு. அப்பாவின் தோளுக்குக் கீழே நிற்கிறான். ஜிம் நடக்கிறது, மாஸ்டர் ஆய்வகத்துக்கு மேலே உள்ள மாடியையும் வாடகைக்கு எடுத்துவிட்டார். திங்கட்கிழமை கொசு அக்கா போலீசில் புகார் கொடுக்கப் போகிறார். ஊசி போட்டது யார் என்றுதான் முதலில் கேட்பார்கள் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார்.