பைப்பின் வாயைப் பிடித்துக்கொண்ட வாழ்த்து

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்று கல்ஃபில், கராமாவில் என் ஹோட்டலைத் தெரியாத தமிழன் கிடையாது. எங்கள் தெருவில் கல்லாவையும் அடுக்களையையும் கம்ப்யூட்டரால் இணைத்த முதல் ஆளும் நான்தான். யார் வேண்டுமானாலும் வந்து விசாரித்துக்கொள்ளலாம்.

அந்த ரமலானில் சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப் ஒன்றுக்கு நோன்பு திறக்கும் சாப்பாடு கொடுக்கும் வேலையைப் பிடித்திருந்தேன். கேம்ப் பாஸ் திருச்சிக்காரர். சாயங்காலம் பள்ளிவாசலில் பாங்கு சொல்வதற்கு முன்னால் சாப்பாடு வர வேண்டும், ஒரு நாள் பிந்தினாலும் மறுநாள் முதல் வேறு ஹோட்டல் என்று சொல்லிவிட்டார்.

போனில் வரும் ஆர்டரைக் கல்லாவில் ஒரு புரோகிராம் வாங்கும். அடுக்களையில் இன்னொன்று அதை அறைவாரியாகப் பிரித்து லேபிள் அடிக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு பைப். இந்த முனையில் ஊற்றினால் அந்த முனையில் வரும், அவ்வளவுதான். இதையெல்லாம் எழுதிக் கொடுத்தவள் நாகர்கோவில் பக்கத்துக் கடற்கரைப் பெண். அன்று காலை என் யோசனைப்படி மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்திருந்தாள். ஆர்டர் சொன்னவருக்கெல்லாம் என் பெயரில் ரமலான் வாழ்த்து அனுப்பும் புரோகிராம். அது ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்கக் கடையிலேயே இருந்தாள்.

பிற்பகல் அசர் தொழுகை முடித்து வந்தால், பெட்டிகள் மலையாகக் கிடக்கின்றன. லேபிள் ஒன்றுகூட வரவில்லை.

"காக்கா, லேபிள் மாஃபி. எந்தப் பெட்டி எந்த ரூமுக்குன்னு நான் ஜோசியமா பாக்குறது?" என்றான் பார்சல் கட்டுகிறவன்; அண்ணன் என்பதற்குக் காக்கா என்பான். வெளியே வேன் எஞ்சினை அணைக்காமல் நின்றது. அந்த நேரத்து ரோட்டை நினைத்தாலே எனக்கு நாக்கு வறண்டது. நோன்பு வேறு.

நான் கம்ப்யூட்டர் சுவிட்சில் கை வைத்தேன்.

"தொடாதீங்க அண்ணாச்சி," என்றாள் புரோகிராம் எழுதியவள். "மொத்த ஆர்டரும் மெமரியிலதான் கெடக்கு. அணைச்சா ஒண்ணும் மிஞ்சாது."

"எங்கயாவது எழுதி வெக்கக் கூடாதாம்மா?"

"நாளைக்கு ஏசுங்க. இப்பம் சும்மா இருங்க."

இருந்தேன். என்னைச் சும்மா இருக்கச் சொல்லி யாரும் உருப்பட்டதில்லை, ஆனாலும் இருந்தேன். அவள் திரையைவிட்டுக் கண் எடுக்கவில்லை. நான் வெயில் இறங்குவதையே பார்த்தேன்.

"கல்லா வேலைய முடிச்சு வாய மூடிடுச்சு," என்றாள். "பைப்புல ஊத்துற வாய எல்லாரும் மூடினாத்தான் அடுக்களைக்கு ஆர்டர் முடிஞ்சுதுன்னு தெரியும். யாரோ இன்னும் திறந்து பிடிச்சிருக்காங்க."

"யாரு?"

"உங்க வாழ்த்து."

கல்லா புரோகிராம்தான் வாழ்த்தைக் கிளப்பிவிடுமாம். அப்போது பைப்பின் வாயும் கூடவே வாழ்த்தின் கைக்குப் போய்விடுமாம். அதை அங்கே மூட இவள் மறந்திருந்தாள். மெசேஜ் லைனில் ஒரே நெரிசல். வாழ்த்து முடிகிற வழியாக இல்லை. அடுக்களை காத்துக்கிடந்தது.

"காக்காவோட வாழ்த்துல்ல, அதான் வாய மூடல," என்றான் பார்சல்காரன்.

"நிறுத்தினா மிச்சப் பேருக்கு வாழ்த்து போவாது, அண்ணாச்சி. கேம்ப் பாஸுக்கும் போவாது. நிறுத்தட்டா?"

"நிறுத்தும்மா. நோன்புக் கஞ்சி போவட்டும்."

ஒரு தட்டுத் தட்டினாள். பிரிண்டர் கனைத்தது. லேபிள் சரசரவென்று வர, எல்லாருமாக ஒட்டினோம்; நானும் ஒட்டினேன். வேன் கிளம்பிய பிறகு போனைக் கையில் பிடித்தபடி வாசலிலேயே நின்றேன். டிரைவரிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி போனைப் பார்த்தேன்.

போன் அடித்தது. கேம்ப் பாஸ்.

"இங்க பாதிப் பேருக்கு வாழ்த்து வந்திருக்கு, எனக்கு வரலியே பாய்," என்றார். நாங்கள் அனுப்பிய பேரீச்சம்பழத்தை மென்றுகொண்டே பேசினார்.