சேதராப்பட்டில் செய்த கோரமண்டல்

மோந்து பார்த்தவர்

லண்டன்காரர் தரையில் மண்டியிட்டு ஸ்கிரீனின் அடிப்பலகையை மோந்து பார்த்துக்கொண்டிருந்தார். பழைய மரச்சாமான் கடையில் நின்று பிழைக்கிற எல்லோருக்கும் தெரியும்: தட்டிப் பார்க்கிறவர் வாங்குவார், மோந்து பார்க்கிறவர் வாங்க மாட்டார்.

ஸ்கிரீன் என்றால் அறையின் நடுவே விரித்து நிறுத்துகிற மடக்குத் தட்டி. ஆறு பலகை, ஆளுயரம், பளபளக்கும் கருப்புப் பூச்சு, அதில் வெட்டி வண்ணம் தீட்டிய பறவைகளும் மரங்களும். இந்த வகைக்கு ஆங்கிலத்தில் கோரமண்டல் ஸ்கிரீன் என்று பெயர். செய்தது சீனாவில். ஆனால் இங்கிலாந்து போகிற வழியில் நம் கரையில் இறக்கி வேறு கப்பலில் ஏற்றினார்கள். கப்பல் மாறிய இடத்தின் பெயரே சாமானின் பெயராகிவிட்டது. சோழமண்டலம்தான் வெள்ளைக்காரர்கள் வாயில் கோரமண்டல் ஆனது என்று பள்ளிக்கூடத்திலேயே நமக்குச் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். எங்கள் கடையில் இருந்த ஸ்கிரீன் சீனாவையும் பார்த்ததில்லை, கப்பலையும் பார்த்ததில்லை. ஒரு போட்டோவை வைத்துக்கொண்டு கலியபெருமாள் அண்ணன் சேதராப்பட்டில் தன் பட்டறையில் எட்டு மாதம் உட்கார்ந்து செய்தது.

லண்டன்காரர் எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டு, எங்கே செய்தது என்று கேட்டார். இங்கேதான், பத்து மைலுக்குள் என்றேன். வாசல் வழியாகக் கடல் காற்று வந்து அவர் தலைமுடியைக் கலைத்துக்கொண்டிருந்தது. அவர் வருத்தமாகச் சொன்னார்: "கோரமண்டல் ஸ்கிரீன் கோரமண்டலில் செய்வதில்லையே அம்மா. இது போலி."

கப்பலும் விதவையும்

கடை முதலாளி பெயர் அந்துவான். பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன மரியாதையில் ஊருக்கு அவர் முசே. எங்கள் கடையில் எந்தச் சாமானுக்கும் கழுத்தில் ஒரு அட்டை தொங்க வேண்டும் என்பது அவர் வைத்த வழக்கம். அதில் அந்தச் சாமானின் கதையை ஆங்கிலத்தில் எழுதுவது என் வேலை. எழுதிய அட்டையை டீ டிகாக்ஷனில் நனைத்துக் காயவைத்தால் நூறு வயது கூடிவிடும். கதையில் ஒரு கப்பலும் ஒரு விதவையும் கட்டாயம். எங்கள் கடை முக்காலி ஒன்றுக்குக்கூட விதவை உண்டு.

லண்டன்காரரிடம் நான் உண்மையைச் சொன்னது அன்று சாயங்காலம் முசேவுக்குத் தெரிந்துவிட்டது. அவர் கத்துகிறவர் இல்லை. முன்னறையை நான்கு மூலையும் நடந்து அளந்துவிட்டு வந்து மெதுவாகச் சொன்னார்: "வாங்கறவன் மரத்தயாம்மா வாங்கறான்? கதைய வாங்கறான். பொங்கலுக்குள்ள இந்த ஸ்கிரீன் போவலன்னா முன்னறைய காபி கடைக்கு விட்டுடுவேன். அப்பறம் கலியபெருமாளுக்கும் வேலயில்ல. நீ வேணா காபில நுரை ஊத்திக்கினு இரு."

இன்னொரு கோரமண்டல்

புதிய அட்டை எழுதினேன். சீனா, கப்பல், விதவை. அதைக் கட்டித் தொங்கவிட்ட மறுநாள் நியூசிலாந்திலிருந்து ஓர் அம்மாள் வந்தார். அட்டையில் முதல் வார்த்தையைப் பார்த்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் பிறந்து வளர்ந்த ஊரின் பெயர் கோரமண்டலாம். அந்தக் காலத்தில் அந்தப் பெயருள்ள ஆங்கிலேயக் கப்பல் ஒன்று அங்கே போய் நின்றதாம். கப்பலுக்கு நம் கரையின் பெயர், ஊருக்குக் கப்பலின் பெயர்.

எங்கள் ஊர்க் கடற்கரையில் மணலைத் தோண்டினால் வெந்நீர் வரும், உங்கள் ஊரில் வருமா என்று கேட்டார். மே மாதம் வந்தால் தோண்டவே வேண்டாம் என்றேன். கோரமண்டல் என்பது சோழர்கள் என்ற அரசர்களின் பெயரிலிருந்து வந்தது, அவர்களுக்குக் கடலில் கப்பல்கள் இருந்தன என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். ஒரு பித்தளை டம்ளர் வாங்கினார். படி இறங்கும்போது திரும்பி அன்பாகக் கேட்டார்: "அந்த அரசர்களுக்கு எங்கள் ஊர் எப்படித் தெரியும்?"

கால் மட்டும்

நம் ஆட்கள் மட்டும் என்ன. கடையில் ஒரு கருப்பு நாற்காலி கிடந்தது. அட்டையில் கோரமண்டல் எபனி என்று எழுதியிருந்தேன். இங்கிருந்து போன கருமரத்துக்கும் அவர்கள் அந்தப் பெயரைத்தான் ஒட்டியிருக்கிறார்கள். ஒரு வருடமாக யாரும் அதைச் சீண்டவில்லை.

லாஸ்பேட்டையிலிருந்து ஓர் அலுவலகக்காரர் வந்தார். கழுத்தில் கருங்காலி மாலை, மணிக்கட்டில் கருங்காலி, சாவிக் கொத்திலும் கருங்காலி. எபனி என்றால் என்ன என்று கேட்டார். கருங்காலி மாதிரிங்க என்று வாயை விட்டேன். நாற்காலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சுற்றி வந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்: "நாற்காலி வூட்ல வைக்க எடமில்லீங்க. பின்னங்கால் ஒண்ணு மட்டும் அறுத்துக் குடுப்பீங்களா?"

மூடாத அலகு

பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கும்போது முசே பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஸ்கிரீன் முன்னால் உட்கார்ந்தார். விற்காததற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. போட்டோவில் இருந்த பறவைகளுக்கு அலகு ஊசி மாதிரி மூடியிருக்கிறது. கலியபெருமாள் அண்ணன் வெட்டியவற்றில், பதினேழு பறவைக்கும் அலகின் நடுவே ஒரு சந்து.

அண்ணனைக் கூப்பிட்டு விட்டார். அவர் வந்து கைகட்டி நின்றார்.

"ஏம்ப்பா, இது என்னா, பாக்கு வெட்டியா?"

"நாரைங்க முசே. நத்தகுத்தி நாரை. ஊசுட்டேரில கூட்டங்கூட்டமா நிக்குமே."

"போட்டோல அப்படியா இருக்குது?"

"போட்டோல கொக்கு சின்னதா இருந்திச்சு. சரியா தெரியல. நமக்குத் தெரிஞ்சத போட்டேன்."

கருப்பு மெழுகு கொண்டுவந்து எல்லாச் சந்துகளையும் அடைத்துவிடச் சொல்லிவிட்டு முசே உள்ளே போனார். அண்ணன் அலகு ஒன்றை விரலால் தடவினார். அந்தப் பறவைகளுக்கு மட்டும் மூன்று மாதம் ஆனது எனக்குத் தெரியும். கோரமண்டல் கதையை முழுக்க அவருக்குச் சொன்னேன். கடைசி வரை கேட்டுவிட்டுச் சொன்னார்: "ராஜா நம்ம ராஜா. பேரு வெள்ளக்காரன் வெச்சது. வேல சீனாக்காரன் வேல. அப்ப நான் யாரும்மா?"

சேறு ஒட்டிய செருப்பு

மறுநாள் காலை அண்ணன் மெழுகு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தபோது சென்னையிலிருந்து ஓர் அம்மா வந்தார். இங்கே விருந்தினர் விடுதி திறக்கப் போகிறாராம். செருப்பில் சேறு, கழுத்தில் பைனாகுலர். முசே ஓடி வந்து கப்பலையும் விதவையையும் ஒப்பித்தார். அந்த அம்மா அட்டையைப் படித்தார். ஸ்கிரீனைக் கை முட்டியால் தட்டிப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பி, இது சீனாதானா என்று கேட்டார். முசே என்னைப் பார்த்தார். அண்ணன் மெழுகு டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லீங்க. சேதராப்பட்டு. இவர் செஞ்சது," என்றேன். காபி நுரை என் கண்முன்னால் வந்து போனது.

அந்த அம்மா சிரித்தார். "சீனாக்காரன் நத்தைகுத்திய எங்க பாத்தான்னு நானே யோசிச்சேன். காலைல இதத்தான் ஏரில ரெண்டு மணிநேரம் பாத்துட்டு வரேன். வாய்ச் சந்து அப்படியே இருக்கு. இது எனக்கு வேணும்."

முசேவுக்கு ஒரு மூச்சு இழுக்கிற நேரம்தான் தேவைப்பட்டது. டையைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "பின்ன என்ன மதாம். உலகத்துல இருக்கற கோரமண்டல் ஸ்கிரீன் எல்லாம் சீனா. கோரமண்டல்ல செஞ்ச ஒரே கோரமண்டல் இதுதான். வாய மூடவே கூடாதுன்னு நாந்தான் சொன்னேன். கலியபெருமாளு, இன்னும் ரெண்டு செய்ய எத்தினி மாசம் ஆவும்?"

வண்டியில் ஏற்றும்போது ஒரு கீல் கடகடவென்று ஆடியது. கலியபெருமாள் அண்ணன் கப்பலும் விதவையும் இருந்த அட்டையை அவிழ்த்து, நாலாக மடித்து, அந்த இடுக்கில் செருகினார்.