பால் ஏற்றாத ஒரு நாள்

இரண்டு குட்டை, ஒரு நெட்டை. பெரியம்மாவின் அம்பாசடர் ஆரன் அப்படித்தான் ஒலிக்கும். காதுக்கு இனிமை என்று சொல்லிவிட முடியாது. சளி பிடித்த எருமை கூப்பிடுவது போலிருக்கும். ஆனால் எல்லையோர மீனாட்சிபுரத்தைச் சுற்றியுள்ள தோட்டத்து வீடுகளில் அந்தச் சத்தம் கேட்டால், பெண்கள் அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டுப் பால் தூக்கோடு வாசலுக்கு வந்துவிடுவார்கள். விடியலில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை. நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் பக்கம் யாரும் மணி கேட்டு நினைவில்லை. பெரியம்மாவின் கார் போயாயிற்றா என்றுதான் கேட்பார்கள்.

உண்மையில் அந்தக் காரைப் பெரியப்பா வாங்கியது கல்யாணங்களுக்குப் போய் இறங்குவதற்காக. பந்தலில் இருப்பவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. அவர் போன பிறகு பெரியம்மா அதை விற்றுவிடுவாள் என்று உறவுக்காரர்கள் காத்திருந்தார்கள். அவளோ பொள்ளாச்சிக்குப் போய் ஓட்டக் கற்றுக்கொண்டு வந்தாள். பின்சீட்டைக் கழற்றி மாட்டுக் கொட்டகைப் பரணில் போட்டாள். அந்த இடத்தில் பால் கேன்கள் ஏறின. அன்றிலிருந்து வீடு வீடாகப் பால் எடுத்துச் சொசைட்டியில் சேர்ப்பது அவள் வேலையானது. கோயிலுக்குப் போனாலும் திரும்பும்போது காரில் பருத்திக்கொட்டை மூட்டை இருக்கும். "ஒரு நாளாச்சும் பாலில்லாம இதுல எங்கியாச்சும் போகோணும் கண்ணு" என்பாள். எங்கே என்று கேட்டால் போத்துண்டி அணை என்பாள். ஏதோ காசிக்குப் போவது மாதிரிச் சொல்வாள்; இருப்பதோ ஒரு மணி நேரத் தூரத்தில், கொல்லங்கோட்டுக்கு அந்தப் பக்கம்தான். ஆனால் கிளம்பலாம் என்று வைத்த நாளிலெல்லாம் ஏதாவது ஒரு மாடு கன்று போட்டுவிடும்.

போன கார்த்திகையில் அவளுடைய இடது முழங்காலுக்கு ஆப்பரேஷன் என்று முடிவாயிற்று. அதன்பிறகு கிளட்ச் மிதிக்கும் பேச்சே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சொசைட்டியும் அவள் ஆஸ்பத்திரியில் சேருவதற்கு முந்தின நாள் சாயங்காலத்திலிருந்தே வேன் அனுப்புவதாக ஏற்பாடு. ஆக, மிச்சமிருந்தது ஒரே ஞாயிற்றுக்கிழமை. காலைப் பாலைச் சேர்த்துவிட்டு வந்ததும் கேன்களை இறக்கினோம். பரணிலிருந்து பின்சீட்டை இறக்கி, எலி கடித்த இடத்தில் பழைய போர்வையை விரித்துப் பொருத்தினோம். பெரியம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தாள். அணைக்குப் பட்டு எதற்கு என்று நான் கேலி செய்தேன். காருக்காகக் கட்டியது என்றாள். மழை ஓய்ந்த வெயில். தெற்கே நெல்லியாம்பதி மலை கழுவி வைத்த பாத்திரம்போல் பளிச்சென்று தெரிந்தது. அவள் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்த அழகைப் பார்த்து என் கண்ணே பட்டுவிடுமோ என்றிருந்தது.

முதல் திருப்பத்திலேயே கை தானாகப் போய் ஆரனை அடித்தது. இரண்டு குட்டை, ஒரு நெட்டை. இருவரும் சிரித்தோம். அடுத்த தோட்டத்து வாசலிலும் அடித்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொள்ளவா என்று கேட்டேன். மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு மூன்றாவது திருப்பத்திலும் அடித்தாள். அங்கே ஆட்டுமந்தை ஒன்று பாதையைக் கடந்து முடியும்வரை நிற்க வேண்டியிருந்தது. கிளம்பும்போது கிணற்றுமேட்டுத் தோட்டத்து அக்கா வண்டிக்கு முன்னால் வந்து மறித்தார். கையில் தூக்கு.

"ஏனுங்க்கா, நேரங்கெட்ட நேரத்துல ஆரன் அடிச்சுட்டீங்க. மாடு சொரப்பு உட்ருச்சுங்க. கறக்காம உட முடியுங்களா? இந்தப் பாலை இப்ப நா என்ன பண்றதுங்க?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இத்தனை வருஷமாகக் காலையும் மாலையும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு, ஆரன் ஒலித்தால் கறக்கப் போகிறார்கள் என்று மாடுகளுக்குப் பழகியிருக்கிறது. மடியில் பால் இறங்கிவிட்டால் கறந்தே ஆக வேண்டும். பின்னால் திரும்பிப் பார்த்தால், கடந்துவந்த இரண்டு தோட்டத்துப் பெண்களும் ஆளுக்கொரு தூக்கோடு வேகமாக வந்துகொண்டிருந்தார்கள். காலையில் கறந்த மாடுகள், ஆளுக்கு அரைத் தூக்குப் பால்தான். இருந்தாலும் பால் பால்தானே.

பெரியம்மா மட்டும் சிரிக்கவில்லை. என்ஜினை அணைத்தாள். சொசைட்டி சாயங்காலம்தான் திறக்கும். வீட்டுக்குத் திரும்பிப் பாலைக் காய்ச்சி வைத்துவிட்டுப் போகலாமே என்று மெதுவாகச் சொன்னேன். சொன்ன பிறகுதான் உறைத்தது, வீட்டுக்குத் திரும்பினால் இந்த நாளும் போயிற்று. கொட்டகையில் ஏதாவது ஒரு மாடு அவளைப் பிடித்துக்கொள்ளும், நாளை ஆஸ்பத்திரி. அவள் மலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கைகள் பட்டுப்புடவை மடியில் கிடந்தன.

பிறகு அவள் கதவைத் திறந்து, கிணற்றுமேட்டு அக்காவிடம் சொன்னாள்:

"ஊட்டைப் பூட்டிட்டு வா சாமி. பாலோட நீயும் ஏறு."

அக்காவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், எருமைக்குத் தண்ணீர் காட்டவில்லை, சோறு வடிக்கவில்லை என்று வரிசையாகக் காரணம் அடுக்கினார். அடுக்கிக்கொண்டே ஓடிப்போய்ப் புடவை மாற்றிக்கொண்டும் வந்துவிட்டார். மற்ற இருவரும் கட்டிய சேலையோடு ஏறினார்கள். வருஷக்கணக்காகக் கேன்கள் நின்ற இடத்தில் மூன்று பெண்கள், மடியில் மூன்று தூக்கு. கொல்லங்கோட்டு வயல்களுக்கு நடுவே கார் போனபோது ஜன்னல் வழியாகக் காற்று அறைந்தது. பின்னால் ஒரே பேச்சு, சிரிப்பு. குலுங்கிப் பால் சிந்தினால் சிந்தட்டும் என்று பெரியம்மாவே சொன்னாள். அவள் வாயில் அப்படி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதேயில்லை.

போத்துண்டியில் டீக்கடைக்காரர் எங்கள் தூக்குகளைப் பார்த்துவிட்டு, பாலோடு டீ குடிக்க வருகிறவர்களை இப்போதுதான் பார்க்கிறேன் என்று மலையாளத்தில் சொன்னார். அவ்வளவு பாலையும் காய்ச்சி, எங்களுக்கும் கடையில் இருந்தவர்களுக்கும் தண்ணீர் கலக்காத டீ போட்டுக் கொடுத்தார். அணைக்கட்டின் மேல் வெயிலில் உட்கார்ந்து குடித்தோம். பெரியம்மா வலிக்கும் காலை நீட்டிக்கொண்டு வெகுநேரம் தண்ணீரைப் பார்த்தாள். மாடுகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் அவளைப் பார்த்ததில்லை.

ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. கார் இப்போது என்னிடம் இருக்கிறது. பின்சீட்டை யாரும் கழற்றவில்லை. வெயிலடிக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவளை அழைத்துப்போக வருகிறேன். வழியில் எந்தத் தோட்டத்துப் பக்கமும் ஆரனைத் தொடுவதில்லை; மாடுகளுக்குப் பயந்துதான். அவள் வீட்டு வாசலில் மட்டும் அடிக்கிறேன், இரண்டு குட்டை, ஒரு நெட்டை. கொஞ்ச நேரத்தில் கைத்தடியை ஊன்றிக்கொண்டு பெரியம்மா வெளியே வருகிறாள், மறு கையில் தூக்கு நிறைய டீயோடு. வந்து, பெரியப்பா காலத்தில் முன்சீட்டிலும் பிறகு ஸ்டியரிங்கிலுமே இருந்து, ஆப்பரேஷன்வரை தான் ஒருமுறைகூட உட்காராத அந்தப் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொள்கிறாள்.