ஹஜ்ரத் தாண்டாத வசனம்

என் மேசைமேல் ஒரு மடக்குப் பலகை இருக்கிறது. குர்ஆன் வைத்து ஓதுவதற்கான பலகை. அதில் விரித்திருப்பதோ எபிரேய விவிலியம். யோசேப்பின் முன்னால், அவரை முன்பு அடிமையாக விற்ற சகோதரர்கள் கெஞ்சிக்கொண்டு நிற்கிறார்கள், ஆள் யாரென்று தெரியாமல். மூன்று வருடமாக அவர்கள் அப்படியே நிற்பதற்குக் காரணம் நான்.

பலகை சித்தையன்கோட்டை ஹஜ்ரத்துடையது. அங்கே மதரசாவில் குர்ஆன் விளக்கம் நடத்தியவர். நான் கத்தோலிக்கக் குருமடத்தில் எபிரேயம் வரை படித்துவிட்டு, சாமியாராகாமல் திண்டுக்கல்லில் கணக்கு வாத்தியாரானவன். ஒரு பள்ளி விழாவில் அறிமுகமானோம். அதன் பிறகு சனிக்கிழமைதோறும் செம்பட்டி வழியாகப் பஸ் பிடித்துப் போவேன். அவர் யூசுஃப் நபியின் அத்தியாயத்தை அரபியில் ஓதிப் பொருள் சொல்வார். நான் அதே கதையை, எங்கள் யோசேப்பின் கதையாக, எபிரேயத்தில் படித்து, யூத அறிஞர்களின் உரையையும் சேர்த்துச் சொல்வேன். முதல் நாள் என் புத்தகத்தைப் பாயில் வைத்ததும் பதறிவிட்டார். "வேதத்தத் தரையில வைக்கலாமா சார்?" என்று உள்ளே போய் இந்தப் பலகையை எடுத்துவந்தார். யூதர்கள் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்துதான் வேதம் படிப்பார்கள் என்று ஒருநாள் சொன்னேன். அவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. "அப்ப நாமளும் அப்படியே. ஒருத்தர விட்டுட்டு ஒருத்தர் ஒரு வசனம் தாண்டக் கூடாது" என்றார்.

அந்தச் சமயத்தில் என் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் தெருக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் செபக் கூட்டத்தில் ஒருவர், "வாத்தியாரு வாராவாரம் மதரசாவுக்குல்ல போறாராம்" என்று சிரித்தார். இந்தப் பேச்சு மாப்பிள்ளை வீட்டார் காதுக்குப் போய்விடுமோ என்று பயந்துவிட்டேன். வருடக்கணக்கில் இறையியல் படித்தவனின் தைரியம் அவ்வளவுதான். மறுநாளே போன் செய்து, "பரீட்சைப் பேப்பர் திருத்தணும் ஹஜ்ரத், ஒரு மாசம் வர முடியாது" என்று பொய் சொன்னேன்.

"வேலையப் பாருங்க சார். நான் தாண்ட மாட்டேன்."

ஒரு மாதம் ஐந்து மாதமானது. மகள் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. அதற்குப் பிறகு எந்த முகத்தோடு போவது என்று வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டிருக்கும்போதே ஹஜ்ரத் இறந்துபோனார். எனக்குத் தகவல் வந்தபோது அடக்கம் முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது.

போனேன். அவர் மகள் பலகையைத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தது. "கடைசியில அத்தாவுக்குக் கண்ணு தெரியல சார். நான்தான் ஓதிக் காட்டுவேன். யூசுஃப் சூராவுல மிச்சத்த ஓதவான்னு கேட்டா, 'அது சார் வந்தப்பறம், நீ வேற ஓதும்மா'ன்னுட்டாங்க" என்றது. வாசல்வரை வந்து, "பேப்பரெல்லாம் திருத்தியாச்சா சார்? அத்தா கேட்டுக்கிட்டே இருந்தாங்க" என்றும் கேட்டது.

"ஆச்சும்மா" என்றேன். அந்த வீட்டுக்கு நான் சொன்ன இரண்டாவது பொய்.

பக்கத்தைத் திருப்பினால் யோசேப்பு தான் யாரென்று சொல்லிவிடுவார். சகோதரர்களைக் கட்டிக்கொண்டு அழுவார். குர்ஆனிலும் மன்னித்துவிடுகிறார் என்று ஹஜ்ரத் முன்பே சொல்லியிருக்கிறார். இன்றும் சனிக்கிழமை. பலகையின் தூசியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். விரல் தாளின் முனைவரை போகிறது. ஹஜ்ரத்தை விட்டுவிட்டுத் தாண்டக் கூடாது.