திரும்பி வரும் தேதி

அண்ணனின் போனுக்கு அந்த எஸ்.எம்.எஸ். வந்ததும் அண்ணி என்னைக் கூப்பிட்டு, "பாப்பா, அவுர வரச் சொல்றாங்க" என்றாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. யார், எங்கே வரச் சொல்கிறார்கள் என்று பதறிக்கொண்டு கேட்டால், கார் நிறுத்தும் இடத்துக்காரர்கள். வண்டியின் பார்க்கிங் பெர்மிட் முடிந்து மூன்று மாதம் ஆகிறதாம். உரிமையாளர் பதினைந்து நாளுக்குள் நேரில் வந்து புதுப்பிக்க வேண்டுமாம், இல்லையென்றால் வண்டியைத் தூக்கிவிடுவார்களாம். உரிமையாளர் நேரில் வருவதாக இருந்தால் எங்களுக்கு வேறென்ன குறை?

அண்ணன் காசிமேட்டில் விசைப்படகு ஓட்டியவன். போன ஐப்பசியில் அவன் போன படகு கடலில் கவிழ்ந்தது. ஏழு பேரில் நான்கு பேரை இன்னொரு படகு ஏற்றிக்கொண்டு வந்தது. மற்ற மூன்று பேரில் அவன் ஒருவன். பத்து நாள் தேடினார்கள். உடம்பு கிடைக்கவில்லை. உடம்பு இல்லாமல் இறப்புச் சான்றிதழ் கிடையாது, ஏழு வருஷம் பொறுக்க வேண்டும் என்று ஸ்டேஷனில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அழுவதா வேண்டாமா என்றுகூட எங்களுக்குத் தெரியவில்லை. அழுதால் அண்ணி, "இன்னாத்துக்கு அழுவுறீங்க, இன்னா ஆயிடுச்சு இப்போ?" என்று சீறுவாள். அழாமல் இருந்தால் நெஞ்சை அடைக்கும்.

அந்த வெள்ளைக் கார் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. எங்கள் தெருவில் ஆட்டோ நுழைவதே பெரிய பாடு என்பதால், துறைமுகத்துச் சுவரை ஒட்டிய வண்டி ஸ்டாண்டில் மாதாந்திரப் பெர்மிட் போட்டு நிறுத்துவான். அன்றைக்கும் அப்படித்தான் நிறுத்திவிட்டு, சாவியையும் போனையும் அண்ணியிடம் கொடுத்துவிட்டுப் படகு ஏறியிருக்கிறான். கடலுக்குப் போகிறவன் கரையில் வைத்துவிட்டுப் போனதை அவன் திரும்பும்வரை யாரும் இடம் மாற்றக்கூடாது என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். கழற்றிப் போட்ட சட்டையைக்கூடத் துவைக்க மாட்டோம். எட்டு நாள், பத்து நாளில் ஆள் வந்துவிடுவான், சட்டை தண்ணீர் பார்க்கும். ஐந்து மாதத்துக்கு அந்தப் பழக்கம் தாங்குமா என்று யாரும் யோசித்து வைக்கவில்லை.

"வண்டிய எடுத்தாந்து மணலியில சித்தி வூட்டாண்ட வுட்டுடலாம் அண்ணி. அங்க எடம் கீது" என்று சொல்லிப் பார்த்தேன்.

"அவுரு வந்து வுட்ட எடத்துல வண்டி இல்லன்னா எங்க போயி தேடுவாரு?" என்றாள்.

ஸ்டாண்டுக்குக் கிளம்பினேன். வீட்டில் காகிதம் என்று எது வந்தாலும் என் தலையில்தான் விழும். திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் யார்டு அலுவலகத்தில் எனக்கு வேலை. எந்தப் பெட்டி எந்தக் கப்பலில் என்றைக்கு வருகிறது என்று பகல் முழுக்கத் தேதி போடுவதுதான் என் பிழைப்பு. அதனால் கலெக்டருக்குச் சமமான படிப்பு எனக்கு இருப்பதாக எங்கள் ஆட்களுக்கு நினைப்பு.

ஸ்டாண்டில் தகரக் கொட்டகைக்குள் உட்கார்ந்திருந்தவர் முன்பு கடலுக்குப் போனவர். முட்டி போனதால் கரையில் உட்கார்ந்துவிட்டார். என்னைப் பார்த்ததும் எழுந்தே விட்டார்.

"ஒங்கண்ணன எனக்குத் தெரியாதா தங்கச்சி? கம்பூட்டருக்குத்தான் தெரியல. ஓனரு இல்லன்னா டெத் சர்டிபிகேட் குடு. கீறாருன்னா அவுரு கையெழுத்து போட்ட லெட்டரு குடு. கூடவே இன்சூரன்ஸ் காப்பி."

"ரெண்டும் இல்லன்னா?"

"ரெண்டும் இல்லாம ஒரு ஆளு எப்டிம்மா இருப்பான்?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவருக்கே உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டு மேசை டிராயரைத் திறந்து திறந்து மூடினார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கொட்டகையையே பிய்த்துப் போட்டிருப்பேன். ஆனால் அவர் கேட்டதில் என்ன தப்பு? ஐந்து மாதமாக நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இன்சூரன்ஸும் மாசியில் காலாவதி ஆகியிருந்தது. திருவொற்றியூர் ஹைரோட்டில் ஏஜெண்டைப் போய்ப் பார்த்தேன். அவர் கம்ப்யூட்டரைத் திருப்பி எனக்கே காட்டினார். உரிமையாளர் இருக்கிறாரென்றால் இந்தப் பக்கம், இறந்துவிட்டாரென்றால் வாரிசு பெயருக்கு மாற்றும் பக்கம். காணாமல் போனவருக்கு ஒரு கட்டம்கூட இல்லை. மனுஷன் கடலில் இத்தனை காலமாகக் காணாமல் போய்க்கொண்டிருக்கிறான், இந்தப் படிவத்தைச் செய்தவன் எவனுக்கும் அது தோன்றவில்லை.

"இருக்கார்னே போட்டுடலாம் மேடம். அதுதான் சுலபம்" என்றார் ஏஜெண்ட். உயிரோடு இருப்பது அவ்வளவு சுலபம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

பாலிசி விட்டுப்போனதால் வண்டியை நாலு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார். போய் எடுத்தேன். உப்புக்காற்றும் தூசியும் கண்ணாடியில் அப்பிக் கிடந்தன. அனுப்பின கொஞ்ச நேரத்தில் ஏஜெண்ட் கூப்பிட்டார்.

"மேடம், வண்டி காலியா இருக்கணும். உள்ள யாரோ உக்காந்திருக்காரே?"

அலுவலகத்தில் அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். டிரைவர் சீட்டின் தலைப்பகுதியில் அவன் போட்டுவிட்டுப் போன துண்டு. தூசிக் கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது ஓர் ஆள் தோளைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதாகத்தான் தெரிந்தது. துண்டுதான் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். எனக்கு நானே அப்படிச் சொல்லிக்கொள்ள முடியவில்லை. இரண்டு நாள் கழித்துப் போட்டோவை அழித்தேன்.

ஓ.டி.பி. அண்ணன் நம்பருக்குத்தான் போகும். அவன் போனுக்கு அண்ணி மாதாமாதம் ரீசார்ஜ் செய்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு எண்ணாகப் படித்துச் சொல்லி முடித்ததும், "பாத்தியா பாப்பா, கம்பெனிக்காரனே அவுருக்குத்தான் அனுப்புறான்" என்றாள். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்க எனக்குப் பயமாக இருந்தது.

இன்சூரன்ஸ் முடிந்தது. கடிதம் மிச்சம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அலுவலக மேசையிலேயே எழுதினேன். 'நான் கடல் தொழிலுக்குச் சென்றிருப்பதால் நேரில் வர இயலவில்லை. என் வாகனத்தை அதே இடத்தில் நிறுத்த அனுமதிக்க வேண்டுகிறேன்.' எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. கீழே அவன் கையெழுத்தைப் போட்டேன். அப்பா கடலில் இருந்த நாட்களில் என் பள்ளிக்கூடத்து லீவு லெட்டரில் எல்லாம் அவன்தான் கையெழுத்துப் போடுவான். அதைப் பார்த்துப் பார்த்தே எனக்குப் பழகிவிட்டது.

ஸ்டாண்டுக்காரர் கடிதத்தை வாங்கிக்கொண்டு ஒரு விண்ணப்பத்தை நீட்டினார். அதில் கடைசிக் கட்டம், 'உரிமையாளர் திரும்பி வரும் தேதி'.

"இது காலியா இருந்தா கம்பூட்டரு எடுக்காது தங்கச்சி. அந்தத் தேதி வரைக்கும்தான் பெர்மிட்டு."

யோசிக்கவே இல்லை. பகல் முழுக்கப் பெட்டிகளுக்குப் போடுகிற கைதானே, மே இருபது என்று போட்டது. அவர் அந்தத் தேதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முத்திரை குத்தினார். ஏன் அப்படிப் பார்த்தார் என்பது பஸ்ஸில் பாதி தூரம் வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. சித்திரை பிறந்தால் மீன்பிடித் தடைக்காலம். ஜூன் பாதி வரைக்கும் விசைப்படகு எதுவும் கடலுக்குள் இருக்காது. இல்லாத படகு எப்படித் திரும்பி வரும்? கடல்காரன் வீட்டில் பிறந்துவிட்டு இப்படி ஒரு தேதியைப் போட்டேனே என்று என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். கண்டெய்னர் புத்தி.

பெர்மிட்டையும் விண்ணப்ப நகலையும் அண்ணியிடம் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தாள். மடித்துப் பீரோவில் வைத்துவிட்டு, "டீ குடிக்கிறியா?" என்றாள்.

அதன்பிறகு என் நிம்மதி போயிற்று. எண்ணூர் பஸ்ஸில் முன்னால் நிற்கிறவனின் பிடரியைப் பார்த்துப் படபடத்து, இரண்டு ஸ்டாப் முன்னாடியே இறங்கி நடந்திருக்கிறேன். அவன் வந்துவிடுவானோ என்று பயந்தேன். ஆமாம், பயம்தான். கூடப்பிறந்தவன் வந்துவிடுவானோ என்று பயப்படுகிற தங்கச்சி உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். என் கையெழுத்தை எவள் போட்டாள், நான் திரும்பும் தேதியை எவள் குறித்தாள் என்று அவன் வந்து கேட்டால் என்ன பதில் சொல்லுவேன்?

மே இருபது, வேலை நாள். பதினோரு மணிக்கு ஸ்டாண்டுக்காரர் கூப்பிட்டார்.

"தங்கச்சி, ஒங்க அண்ணி காலைல ஆறு மணிக்கு வந்துச்சு. வண்டியாண்ட குந்திகினு கீது. இன்னான்னு கேட்டா பேச மாட்டேங்குது."

பெர்மிஷன் போட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் ஓடினேன். துறைமுகத்தில் படகுகளை வரிசையாகக் கட்டிப் போட்டிருந்தார்கள். எங்கு பார்த்தாலும் ஆணி அடிக்கிற சத்தமும் பெயிண்ட் வாசனையும். வண்டியைப் பார்த்துத் திடுக்கிட்டேன். ஏழு மாதத் தூசி மொத்தத்தையும் கழுவியிருந்தாள். பக்கத்தில் கட்டைச் சுவரில் தலைக்குப் பூ வைத்துக்கொண்டு, தீபாவளிக்கு எடுத்த புடவையில் உட்கார்ந்திருந்தாள்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "அண்ணி, அது நான் போட்ட கையெழுத்து. தேதியும் நான் போட்டதுதான். என்னை நாலு அறை அறைஞ்சிடுங்க."

"தெரியும் பாப்பா. அவுரு கீழ ரெண்டு புள்ளி வெப்பாரு. நீ ஒண்ணுதான் வெச்சிக்கீற."

"தெரிஞ்சுமா வந்தீங்க? தடைக்காலம். கடல்ல ஒரு போட்டு கூட இல்லியே அண்ணி."

"அதுவும் தெரியும்." கடலைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "போலீசு ஏழு வருசம்னான். ஜோசியக்காரன் வருவாரு வருவாருன்னான். ஒங்கம்மா எம்மூஞ்சியவே பாக்கறதில்ல. யாராச்சும் ஒரு தேதி சொன்னாங்களா? நீ ஒருத்திதான் போட்ட. பொய்யோ நெஜமோ, அவுரு பேருல ஒரு தேதி கீது. அன்னிக்கு வந்து பாக்காம வூட்ல எப்டி குந்திகினு இருப்பேன் சொல்லு."

அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். ஸ்டாண்டுக்காரர் இரண்டு டீ அனுப்பினார். வெயில் ஏறி உச்சிக்கு வந்து, மெதுவாக எங்கள் முதுகுப் பக்கம் சாய்ந்தது. படகுக்குப் பெயிண்ட் அடித்தவர்கள் கை கழுவிக்கொண்டு எங்களைப் பார்க்காத மாதிரி போனார்கள்.

ஆறு மணி ஆயிற்று. அண்ணி எழுந்து புடவையைத் தட்டிவிட்டாள்.

"வரல பாப்பா" என்றாள்.

ஏழு மாதத்தில் அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து நான் கேட்டதில்லை. ரவிக்கைக்குள்ளிருந்து சாவியை எடுத்து என் கையில் வைத்தாள்.

ஸ்டாண்டுக்காரர் வேறொரு வண்டியைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தி, செத்துக் கிடந்த எங்கள் பேட்டரிக்கு அதிலிருந்து ஒயர் மாட்டித் தயாராக வைத்தார். நான் கதவைத் திறந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். காலை நீட்டினேன். கிளட்ச் எட்டவில்லை. அண்ணன் ஆறடி, நான் குட்டை. அவன் கால் நீளத்துக்கு அவன் வைத்துவிட்டுப் போன இடத்தில் சீட் அப்படியே இருந்தது. அதை முன்னால் இழுக்காமல் இந்த வண்டியை மணலிக்கு என்னால் ஓட்டிப் போக முடியாது. சீட்டுக்கு அடியில் கை விட்டேன். கம்பி விரலில் தட்டியது. கையை எடுத்துவிட்டேன்.

அண்ணி வெளியே நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளாகவே கதவோரம் வந்து குந்தி, சீட்டுக்கு அடியில் கை விட்டுத் துழாவிக் கம்பியைப் பிடித்தாள்.

"நவுரு பாப்பா" என்றாள்.

நான் முன்னால் தள்ளிக்கொண்டேன். துருப்பிடித்த சத்தத்தோடு சீட் நகர்ந்தது.

"போதுமா?"

எனக்கு இன்னும் எட்டவில்லை. "இன்னும் கொஞ்சம் அண்ணி" என்றேன்.

அவள் இன்னும் கொஞ்சம் தள்ளினாள்.