ஐந்து பன்னிரண்டுக்கு விழும் சுவிச்

இது நடந்தது. யாரோ சொல்லிக் கேட்டதல்ல, எனக்கே நடந்தது. என் வலது தோளுக்குக் கீழே மிளகளவு கறுப்பாக ஒரு தழும்பு இருக்கிறது. சந்தேகம் உள்ளவர்களுக்குச் சட்டையைக் கழற்றிக் காட்டவும் தயார்.

நான் வயரிங் வேலை செய்கிறவன். இருபத்திரண்டு வருஷமாக இந்த மலைநாட்டில் வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறேன். ஒரு பல்ப் எரியவில்லை என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். தேடினால் அகப்படும். அந்த நம்பிக்கையில்தான் என் பிழைப்பே நடக்கிறது. போன வருஷம் ஜூலை வரை அது ஒரு தடவைகூட என்னைக் கைவிட்டதில்லை.

தலவாக்கலையில் ஹுசைன் நானாவின் மின்சாமான் கடையில் நின்றுகொண்டிருந்தேன். "சிவசாமி, ஒங்களுக்கு ஏத்த வேல ஒன்னு வந்திருக்கு" என்றார்.

"என்ன நானா?"

"லயத்துல ஒரு ட்ரிப் சுவிச் மணி பாத்து விழுதாம். அஞ்சு பன்னெண்டுக்கு. நம்ம பஸ்ஸுக்கு இல்லாத ஒழுங்கு அதுக்கு இருக்கு."

சிரித்தேன். ஆனால் விஷயம் என்னைப் பிடித்துக்கொண்டது. ட்ரிப் சுவிச் எப்போது வேண்டுமானாலும் விழலாம். தினமும் ஒரே நிமிஷத்தில் ஏன் விழ வேண்டும்?

அந்தத் தேயிலைத் தோட்டத்தின் பெயர் வேண்டாம். தலவாக்கலையிலிருந்து ஹட்டன் போகிற வழியில் இருக்கிறது என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் பின்னேரம் 3.40க்குப் போய்ச் சேர்ந்தேன். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. தொழிலாளர்கள் குடியிருக்கும் பழைய லயம், ஒரே தகரக் கூரைக்குக் கீழே வரிசையாக ஆறு காம்பரா, காம்பராவுக்கு ஒரு குடும்பம். நாலாவது காம்பராவில்தான் லோஜினி இருந்தாள். முப்பது வயதிருக்கும். கணவன் கொழும்பில் வேலை. வீட்டில் அவள் தனியாகத்தான் இருந்தாள். ஐந்தாவது காம்பராவில் பெரிய பூட்டு தொங்கியது.

"மழக்காலம் தொடங்குனதுல இருந்து இப்படித்தாண்ணே. அஞ்சு பன்னெண்டுக்கு டக்குன்னு விழும். எத்தன தடவ மேல தள்ளுனாலும் அஞ்சு முப்பத்தொன்னு வரைக்கும் நிக்காது. அப்பறம் ஒன்னுமே நடக்காத மாதிரி நின்னுக்கும்."

"அந்த நேரத்துல என்ன போடுறீங்க? ஹீட்டர்? அயன்?"

"ஒன்னும் இல்லண்ணே. எல்லாத்தையும் கழட்டி வச்சும் பாத்துட்டேன்."

ட்ரிப் சுவிச் என்ன செய்கிறது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் வருவது விளங்காது. தோட்டத்துக் கங்காணி காலையில் மலைக்குப் போகிற ஆட்களை எண்ணுவார், திரும்பும்போதும் எண்ணுவார். இரண்டு எண்ணிக்கையும் சரியாக இருக்க வேண்டும். ட்ரிப் சுவிச்சும் அதைத்தான் செய்கிறது. சிவப்புக் கம்பியில் போன மின்சாரம் முழுதும் கறுப்புக் கம்பியில் திரும்ப வேண்டும். துளி குறைந்தாலும் வேறு எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். ஒரு மனிதனின் உடம்பு வழியாகக்கூட ஒழுகலாம். அதனால் அந்தக் கணமே அது விழுந்துவிடும். விழுவது அதன் கோளாறு அல்ல, அதன் வேலை.

அப்படியென்றால் 5.12க்கு இந்த வீட்டிலிருந்து மின்சாரம் எங்கோ போகிறது. போனது திரும்பி வரவில்லை.

பெட்டியைத் திறந்தேன். ட்ரிப் சுவிச்சின் அடியிலிருந்து, வீட்டு வயரிங்கோடு சேராமல், தனியாக ஒரு சிவப்புக் கம்பி மேலே ஏறிக் கூரைக்குள் போனது. கூடவே போக வேண்டிய கறுப்புக் கம்பி இல்லை.

"பக்கத்துக் காம்பராவுக்கு லைட் குடுத்திருக்கீங்களா?"

லயத்தில் இது வழக்கம். மீட்டர் இல்லாத வீட்டுக்கு மீட்டர் உள்ள வீட்டிலிருந்து கூரை வழியாக ஒரு கம்பி இழுத்துக் கொடுப்பார்கள். ஒரு பல்ப்புக்குத்தானே என்று யாரும் இல்லை என்று சொல்வதில்லை. நல்ல மனசு. ஆனால் வேலை மட்டும் எப்போதும் அரைகுறையாக இருக்கும்.

"இல்லண்ணே" என்றாள் லோஜினி. சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. ஐந்தாம் காம்பராப் பக்கத்துச் சுவரைப் பார்த்தாள்.

"அந்த ட்ரிப்ப எடுத்துட்டு டைரக்ட் பண்ணி விட்ருங்களேன்" என்றாள் பிறகு. "மொதல்ல அப்படித்தான் இருந்துச்சு."

"அப்படிச் செஞ்சா யாராவது ஒரு நாளைக்குச் சாவாங்க, தங்கச்சி."

அவள் மறுபடி அந்தச் சுவரைப் பார்த்தாள்.

இப்போது என் தவறைச் சொல்ல வேண்டும். மற்றவர்களைச் செய்யாதே என்று தடுப்பதை நானே செய்தேன். ட்ரிப் விழுந்தால் மின்சாரம் நின்றுவிடும். நின்றால் ஒழுகும் இடத்தைப் பிடிக்க முடியாது. கொஞ்ச நேரம்தானே என்று, 4.25க்கு ட்ரிப்பை விலக்கி நேராகக் கம்பி கொடுத்தேன்.

"நான் சொல்ற வரைக்கும் மெயின் சுவிச்சுல யாரும் கை வைக்கக்கூடாது" என்று லோஜினியிடம் சொன்னேன். கையில் டெஸ்டர். நெற்றியில் விளக்கு. போன் மழையில் நனைந்துவிடும் என்று மேசையில் வைத்துவிட்டேன்.

4.40. ஏணியில் ஏறிக் கூரைக்குள் நுழைந்தேன்.

காம்பராக்களைப் பிரிக்கும் கற்சுவர்கள் கூரையைத் தொடாது. மேலே ஒரு முழ இடைவெளி இருக்கும். அதன் வழியாகப் புகை போகும், பூனை போகும், பக்கத்து வீட்டுச் சண்டையும் போகும். சிவப்புக் கம்பியும் அந்த வழியாகத்தான் போயிருந்தது. டெஸ்டரைக் கிட்டே கொண்டுபோனேன். கீச்... கீச்... கம்பியில் மின்சாரம் இருந்தது.

சுவரின்மேல் வயிற்றை வைத்து, கைகளை முன்னால் நீட்டி, தலையையும் தோளையும் மறுபக்கம் நுழைத்தேன். கல் ஈரமாக இருந்தது. என் சட்டையும் ஈரம். முதுகுக்கு நாலு விரல் மேலே தகரம். அதில் அடித்த ஆணிகளின் கூர்கள் கீழ்நோக்கி நின்றன. தகரத்தில் விழுந்த மழை காதைச் செவிடாக்கியது.

கீழே ஐந்தாம் காம்பரா. நெற்றி விளக்கில் பார்த்தேன். வெறும் அறை. தரையில் விரல் தடிப்புக்குத் தூசி. தகரம் அடித்த கதவு. உடைந்த கீலுக்குப் பதிலாக அதன் மேல்மூலையைக் கூரைத் தகரத்தோடு கம்பியால் கட்டியிருந்தார்கள். கதவுக்குப் பக்கத்தில் ஒரு சுவிச். நடுவில் பழைய குண்டு பல்ப்.

சிவப்புக் கம்பி சுவிச்சுக்கு இறங்கி, அங்கிருந்து பல்ப்புக்குப் போனது. பல்ப்பிலிருந்து ஒரு வெறும் கம்பி மேலே வந்து, கூரை ஆணி ஒன்றில் சுற்றியிருந்தது.

கம்பியை மறுபடி ஒருமுறை கண்ணால் பின்தொடர்ந்தேன்.

கறுப்புக் கம்பி இழுக்காமல், கூரைத் தகரத்தையே திரும்பும் வழியாக்கியிருக்கிறார்கள். ஒரு காலத்தில் தகரத்திலிருந்து மழைத்தண்ணீர் இறங்கும் பீலிக் குழாய் ஏதாவது மண்ணுக்குள் இறங்கியிருக்கும். குழாய் துருப்பிடித்து உடைந்துபோனால் மின்சாரத்துக்கு வழி இல்லை. தகரத்தில் காத்து நிற்கும். ஈரத் தரையில் நின்று யார் தகரத்தையோ கதவையோ தொடுகிறார்களோ, அவர்கள்தான் அதற்கு வழி.

ஆனால் சுவிச் அணைந்திருந்தது. கதவு வெளியே பூட்டியிருந்தது. அந்தச் சுவிச்சைப் போட அங்கே ஆள் இல்லை.

கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். 5.09.

பின்னால் நகர்ந்தேன். முடியவில்லை. இடுப்பு வாரில் மாட்டிய சாமான் பை கல்லிடுக்கில் சிக்கியிருந்தது. இழுத்தேன். இன்னும் இறுகியது. கைகள் இரண்டும் முன்னால். இடுப்புக்குக் கொண்டுபோக இடமில்லை.

5.11. மழை வலுத்தது.

5.12.

டக்.

மழைச் சத்தத்தையும் மீறி அது கேட்டது. என் கண் முன்னால் அந்தச் சுவிச் கீழே இறங்கியது. பல்ப் மங்கலாகச் சிவந்தது. அணையப்போகிற கரித்துண்டு மாதிரி.

திடுக்கிட்டு முதுகைத் தூக்கினேன்.

ஆணி தோளில் குத்தியது. ஆயிரம் பேர் ஒன்றாக உதைத்தது போல் இருந்தது. முகம் கல்லில் அறைந்தது. வாயில் இரத்தம்.

அந்த ஒரு கணம், பல்ப் பளீரென்று எரிந்தது.

என்னால்தான் எரிந்தது. என் உடம்பு வழியாக.

அந்த வெளிச்சத்தில் பார்த்துவிட்டேன். சுவிச்சுக்குக் கீழே, தூசியில், இரண்டு ஈரப் பாதங்கள். கால்கள் இல்லை. ஆள் இல்லை. பாதத் தடங்கள் மட்டும். விரல்கள் சுவரைப் பார்த்து.

பல்ப் மறுபடி மங்கியது.

அசையக்கூடாது. மூச்சு விட்டால் முதுகு ஏறுகிறது. அரை மூச்சு... இன்னொரு அரை மூச்சு...

"லோஜினி! மெயின அமத்துங்க!"

என் குரல் எனக்கே கேட்கவில்லை. தகரத்தில் மழை.

ஆணி நுனியிலிருந்து ஒரு சொட்டு. கழுத்தில்.

5.15.

இன்னொரு சொட்டு.

"லோஜினி!"

தூசியில் மூன்றாவது தடம்.

நான்காவது.

பூட்டிய கதவுக்குப் போய் நின்றன. பிறகு திரும்பின.

என்னை நோக்கி.

ஐந்து... ஆறு... ஏழு...

எனக்கு நேர் கீழே வந்து நின்றன. விரல்கள் லோஜினி வீட்டுச் சுவரைப் பார்த்து.

5.19.

பல்ப் அணைந்தது.

டெஸ்டர் சத்தம் நின்றிருந்தது. தகரம் செத்துவிட்டது என்று புரிந்த அந்த நொடியே முதுகைத் தகரத்தில் அழுத்தி, ஆணிகள் கிழிக்கக் கிழிக்க உடம்பை முறுக்கிப் பையை அறுத்துக்கொண்டு பின்னால் விழுந்தேன். ஏணியில் எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை.

லோஜினி மெயின் சுவிச்சின்மேல் வைத்த கையை எடுக்காமல் நின்றாள்.

"நான் கத்துனது கேட்டுச்சா, தங்கச்சி?"

"ஒங்க சத்தம் கேக்கலண்ணே."

"அப்பறம் எப்படி ஆஃப் பண்ணுனீங்க?"

"லெட்சுமி அக்கா கூப்பிட்டாங்க."

"யாரு?"

அவள் சுவரைக் காட்டினாள். "'லோஜினீ, மெயின அமத்து புள்ள'ன்னு கூப்பிட்டாங்கண்ணே. சொவத்துக்கு அந்தப் பக்கத்துல இருந்து."

தேநீர் ஊற்றித் தந்தாள். பிறகுதான் எல்லாவற்றையும் சொன்னாள்.

ஐந்தாம் காம்பராவில் லெட்சுமியும் அவள் புருஷன் பொன்னையாவும் இருந்தார்கள். அந்தக் கம்பியை இழுத்தது பொன்னையா. கையில் ஒரு கம்பிக்குத்தான் நீளம் இருந்ததாம். லெட்சுமி பறித்த தேயிலைக் கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டு வருவாள். ஐந்து பத்து, ஐந்து பன்னிரண்டுக்கு உள்ளே வந்து லைட்டைப் போடுவாள். அப்புறம் கதவைச் சாத்துவாள். இரண்டு வருஷத்துக்கு முந்திய ஜூலையில் ஒரு நாள், சாத்தப் போன கை கதவோடு ஒட்டிக்கொண்டது.

"அன்னைக்கும் இதே மாதிரிதான் கூப்பிட்டாங்கண்ணே. இதே சொல்லு. சும்மா ஏதோ சொல்றாங்கன்னு நெனச்சேன். சோத்துப் பானைய எறக்கி வச்சிட்டுப் போவோம்னு இருந்தேன். சனம் கத்துற சத்தம் கேட்டப் பொறவுதான் ஓடிப்போய் அமத்துனேன். அப்ப மணி அஞ்சு முப்பத்தொன்னு. இந்த ட்ரிப் அதுக்குப் பொறவு போட்டதுண்ணே."

"விசாரிக்க வந்தவங்ககிட்ட என்ன சொன்னீங்க?"

"இடி விழுந்துச்சுன்னு சொன்னோம். கரண்ட் குடுத்தது தெரிஞ்சா எங்கள உள்ள போட்ருவாங்கன்னு எல்லாரும் சொன்னாங்க. பொன்னையா அண்ணனும் அப்படியே சொல்லிட்டு ஊர விட்டுப் போயிட்டாரு."

அன்றைக்கே அந்தச் சிவப்புக் கம்பியை முழுதாக உருவி எடுத்தேன். ட்ரிப்பை மறுபடி பொருத்தினேன். இனி ஒழுகுவதற்கு வழியே இல்லை.

மறுநாள் லோஜினி போன் செய்தாள். 5.12க்கு ட்ரிப் விழுந்திருந்தது.

மீண்டும் போனேன். வீட்டு வயரிங் ஒவ்வொரு அடியாகச் சோதித்தேன். எங்கும் ஒழுக்கு இல்லை. ட்ரிப்பைக் கழற்றிப் புதிதாக ஒன்று போட்டேன். அதுவும் என் கண் முன்னால் 5.12க்கு விழுந்தது. இதற்கு என்னிடம் விளக்கம் இல்லை. தெரிந்ததாகச் சொல்லப்போவதும் இல்லை.

இரண்டு இரவு தூங்காமல் யோசித்தேன். பிறகு தோட்டத்து ஆபீஸில் சொல்லி ஐந்தாம் காம்பராவைத் திறந்தேன். தூசி கலையாமல் கிடந்தது. ஒரு தடமும் இல்லை. லோஜினி வாசலுக்கு வந்தாள். "அக்கா, லைட்ட நல்லாப் போட்டுத் தாறோம்" என்று வெறும் அறையைப் பார்த்துச் சொன்னாள். அந்த வாரமே ஹட்டன் பொலிசுக்குப் போய், லெட்சுமி எப்படிச் செத்தாள் என்று நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தும் வந்தாள்.

நான் செய்த வேலை இதுதான். கூரைத் தகரத்துக்கும் கதவுக்கும் எர்த் கம்பி கொடுத்து மண்ணில் இறக்கினேன். லோஜினியின் பெட்டியிலிருந்து ஐந்தாம் காம்பராவுக்குச் சிவப்பு, கறுப்பு, பச்சை மூன்றையும் குழாய்க்குள் இழுத்தேன். புது சுவிச் ஒன்றும் ஐந்து வாட் பல்ப் ஒன்றும் போட்டேன். சுவிச்சை அணைத்து, அறையைப் பூட்டி, சாவியைத் தோட்டத்து ஆபீஸில் கொடுத்துவிட்டு வந்தேன்.

இப்போது தினமும் 5.12க்குக் கதவிடுக்கில் வெளிச்சம் தெரிகிறது என்கிறார்கள். பதினொரு மாதமாகிறது. ட்ரிப் ஒரு முறைகூட விழவில்லை.